இருபதுக்கு உட்பட்டோர்

கால்பந்து என்று தமிழகத்தார் வழங்கும் ஆட்டத்தை ஈழத்தார் உதைபந்தாட்டம் என்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழரோ காற்பந்து என்று எழுதுவர். லகர ஈற்றின் முன் வல்லினம் வரின் அது றகரமாய்த் திரியும் என்னும் விதியை நோக்குமிடத்து, கடல் கடந்து சென்றவரே இலக்கணத்தை வழுவாது காத்தனர் என்றும், வீட்டிலிருந்த நாமே அதனைக் கைவிட்டோம் என்றும் சொல்ல நேரும். தமிழ் இலக்கியம் பயிலத் தொடங்கிய புதிதில் யாம் இக்கருத்தை எம் பாட்டனாரிடம் பெருமையுடன் எடுத்துரைத்தோம். எம் வீட்டில் அவரை ஐயா என்றே அழைப்பது வழக்கம். ஐயா சிறிது நேரம் எம் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரங்கூனில் நாங்கள் புட்பால் என்றுதான் சொன்னோம் அப்பு. இலக்கணம் படித்தவன் எவனும் எங்கள் தெருவில் பந்து உதைக்க வரவில்லை" என்றார்.

நம் பழைய நூல்களிற் பந்து பெரும்பாலும் மகளிர் கையில் இருப்பது. திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கும் அழகை நம் வகுப்பில் எவரும் மறந்திரார். காலாற் பந்தை உதைத்து, இருபத்திருவர் ஓடித் திரியும் ஆட்டம் ஆங்கிலேயரோடு வந்தது. வந்து, ஆசியாவின் பல நாடுகளிலும் தன் இருப்பிடத்தைத் தேடிக் கொண்டது. அவற்றுள் ஒரு நாட்டைப் பற்றியும், அந்நாட்டு இளைஞர் ஆடிய ஒரு போட்டியைப் பற்றியும் ஈண்டு எழுத விழைகின்றோம். அந்நாடு பர்மா. அப்போட்டி ஆசிய இளைஞர் கால்பந்துப் போட்டி.

செட்டிநாட்டில் பிறந்தார்க்குப் பர்மாவை அறிமுகஞ் செய்து வைக்க வேண்டுவதில்லை. எம் ஊராகிய வலையபட்டியில் நடந்து செல்லும்போது கண்ணிற்படும் பெருவீடுகளின் தூண்களும் நிலைகளும் எந்தக் காட்டுத் தேக்கு என்று கேட்டால், எம்மூர்ச் சிறுவரும் விடை கூறுவர். ரங்கூன் மொகல் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் நிறைந்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1938-ஆம் ஆண்டளவில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம், கொடுத்த கடனுக்கு ஈடாக அவர்கள் கைக்கு வந்திருந்தது. நிலத்தை இழந்த பர்மிய உழவர் அதனை எப்படி நோக்கியிருப்பர் என்பதை நம் ஊர்க் கதைகள் சொல்வதில்லை. ஆயின் ஐயா சொல்வார். அவர் தந்தையார் கிட்டங்கிக்கு உரியவரல்லர். ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதியவர். ஆதலின் இரு பக்கத்தையும் பார்க்க அவ்வீட்டுப் பிள்ளைக்கு வாய்த்தது போலும்.

ஐயா 1946-ஆம் ஆண்டில் ரங்கூனில் பிறந்தவர். அவர் முதலில் ஆடப் பழகியது தோற்பந்தன்று; பிரம்பினால் பின்னிய சின்லோன் பந்து. அறுவர் வட்டமாய் நின்று, கையாற் தொடாமல், பாதத்தாலும் முழங்காலாலும் அப்பந்தைத் தரையில் விழவிடாது தட்டிக் கொண்டேயிருப்பர். எதிரணி என்று ஒன்று அதில் இல்லை. எவரும் வெல்வதில்லை, எவரும் தோற்பதில்லை. பந்து கீழே விழுந்தால் அறுவருக்கும் பொதுவில் வருத்தம். மீண்டும் எடுத்துத் தொடங்குவர். எமக்கு அஃது ஓர் ஆட்டமாகவே தோன்றவில்லை என்று ஒருமுறை கூறினோம். ஐயா உடனே எழுந்து, முற்றத்திற் கிடந்த ஒரு பழைய துணிப்பந்தை எடுத்து, எழுபதைக் கடந்த காலால் நான்கு முறை தட்டிக் காட்டினார். ஐந்தாம் முறை அது ஆயாவின் வற்றற் பாயில் விழுந்தது. பின்னர் நிகழ்ந்தவை இக்கட்டுரைக்குப் புறம்பானவை.

சின்லோன் ஆடிய கால்களுக்குத் தோற்பந்தைக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் என்பர். ரங்கூன் தூய யோவான் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவர் 1878-ஆம் ஆண்டளவில் மாணவருக்கு இவ்வாட்டத்தைக் கற்பித்தார். பிரம்புப் பந்தை நூறு முறை தட்டத் தெரிந்த பிள்ளைக்குத் தோற்பந்து அடங்குவது அரிதன்று. ஐயாவின் தெருவில் தமிழர், தெலுங்கர், பர்மியர், சீனர் ஆகிய எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வெறுங்காலுடன் ஆடினர் எனவும், சண்டை மூண்டால் பர்மிய மொழியில் திட்டிக் கொள்வதே வழக்கம் எனவும், அதற்கு அம்மொழியே சிறந்தது எனவும் அவர் கூறுவார்.

ஆசிய இளைஞர் போட்டி பிறந்த இடம் மலேயா. 1958-ஆம் ஆண்டில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகிய துங்கு அப்துல் ரகுமான், மலேயாவின் பிரதமருமாவார். ஒரு நாட்டை விடுதலைக்கு அழைத்துச் சென்றவர், ஆசிய நாடுகளின் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை ஓரிடத்திற் கூடிப் பந்தாட வேண்டும் என்று எண்ணியது எமக்கு மிக்க வியப்பைத் தருகின்றது. இக்காலத்துப் பிரதமருக்கு இத்தகைய எண்ணம் தோன்ற நேரம் இருக்குமோ என்னவோ. 1959-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் முதற்போட்டி நடைபெற்றது. இருபது வயதுக்கு உட்பட்டோரே ஆடலாம் என்பது விதி. முதல் இரண்டு ஆண்டுகளிலும் தென் கொரியர் வென்றனர். மூன்றாவது போட்டி 1961-இல் பாங்காக்கில் நடந்தபோது பர்மியர் முதன்முறை கோப்பையைத் தொட்டனர். அப்பொழுது ஐயாவுக்கு வயது பதினைந்து.

அதிலிருந்து பத்தாண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தால் மலைப்பு உண்டாகும். 1961, 1963, 1964, 1966, 1968, 1969, 1970 என ஏழு முறை பர்மிய இளைஞர் அக்கோப்பையைப் பெற்றனர். அவ்விளைஞரின் நாடு 1966-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியிற் பொன் பெற்றது. 1970-இல் தென் கொரியாவோடு அப்பொன்னைப் பகிர்ந்து கொண்டது. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சென்று சூடானை 2-0 என்று வென்றது. சோவியத்து அணியிடமும் மெக்சிகோவிடமும் ஒவ்வொரு கோல் வேறுபாட்டிலேயே தோற்றது. இன்று மியான்மர் என்று பெயர் பெற்ற அந்நாட்டைக் கால்பந்தில் ஒரு பொருட்டாகக் கருதாத நம் தோழர் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

இனி, எம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1962-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963-இல் வங்கிகளும், 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே மாதத்தில் ஐம்பது கியாட்டு, நூறு கியாட்டுத் தாள்கள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. ஐயாவின் தந்தையார் கணக்கெழுதிய துணிக்கடை மார்ச்சிலேயே போயிற்று; சேர்த்து வைத்த தாள்கள் மே மாதத்தில் வெறுந்தாள்களாயின. அதே ஆண்டிலேதான் பர்மிய இளைஞர் சைகோன் நகருக்குச் சென்று, இசுரேலியரோடு கோப்பையைப் பகிர்ந்து கொண்டனர்.

அச்செய்தி வந்த நாளில் தாம் என்ன செய்தார் என்று ஐயாவை யாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். "என்ன செய்வது? தெருவில் எல்லோரும் கத்தினார்கள்; நானும் கத்தினேன். எங்கள் அப்பா வீட்டுக்குள் உட்கார்ந்து, எந்தப் பாத்திரத்தை விற்பது, எதைக் கட்டுவது என்று பிரித்துக் கொண்டிருந்தார். என் சத்தத்தைக் கேட்டு வெளியே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி உள்ளே போய்விட்டார்." இவ்வளவே அவர் கூறுவது. அத்தந்தையார் யாது நினைத்திருப்பார் என்று யாம் ஊகித்து எழுதப் புகவில்லை.

1964-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் கப்பலேறினர். அவர்களைப் போல லட்சக்கணக்கானோர் அவ்வாண்டுகளில் வெளியேறினர். வந்தவருட் பலர் காரைக்குடியிற் குடியேறிய பகுதிக்கு இன்றும் பர்மா காலனி என்றே பெயர். ஐயாவின் தாய்மாமன் வலையபட்டியில் இருந்தமையால் எம் குடும்பம் இவ்வூரை அடைந்தது.

கரையில் இறங்கியதும் ஒரு செய்தி நிகழ்ந்தது. பிறந்த நாளைக் காட்டும் தாள் எதுவும் ஐயாவிடம் இல்லை. பதிவெழுத அமர்ந்திருந்த எழுத்தர் ஒருவர் நிமிர்ந்து நோக்கினார். நெடிய உருவமும், பல நாள் உறங்காத முகமும், அரும்பிய மீசையும் கண்டு, "இருபத்தொன்று" என்று தாமே கூறித் தாமே எழுதிக் கொண்டார். பதினெட்டு என்று தந்தையார் சொன்னது அவ்விரைச்சலிற் கேட்கவில்லை; வரிசையோ நீண்டது. ஆக, பர்மாவில் பதினெட்டு வயதினராய்க் கப்பலேறிய ஒருவர், இந்தியாவில் இருபத்தொரு வயதினராய் இறங்கினார். வங்காள விரிகுடாவைக் கடக்க மூன்றாண்டு ஆயிற்று என்று ஐயா வேடிக்கையாய்க் கூறுவது இதனைப் பற்றியே.

அவர் வேடிக்கையாய்க் கூறினும், எமக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. யாம் இப்பொழுது பத்தொன்பது வயதினேம். நம் கல்லூரி மைதானத்தில் மாலையில் ஆடும் தோழர் எத்தனை பேர் மாவட்டத் தேர்வுக்கும், பல்கலைக்கழகத் தேர்வுக்கும் வயதுச் சான்றைக் கையிற் பிடித்துக் கொண்டு நிற்கின்றனர் என்பது நாம் அறிந்ததே. பள்ளியிற் சேர்க்கும் அவசரத்தில் பெற்றோர் பிறந்த நாளைச் சில மாதம் முன் தள்ளி எழுதியதனால், உண்மையில் வயது தகுதியாய் இருந்தும் தாளில் தகுதியற்றுப் போன பிள்ளைகளை எம்மூரிலும் கண்டிருக்கின்றோம். எம் ஒன்றுவிட்ட தம்பி அவர்களுள் ஒருவன். அவனுக்குத் தாள்வழி ஏறிய வயது ஐந்து மாதம். அவன் இழந்தது பதினேழு வயதுக்கு உட்பட்டோர் அணியில் ஓரிடம். மறு ஆண்டு என்பது ஏனைய ஆட்டங்களுக்கு உண்டு. இளைஞர் போட்டிக்கு இல்லை. அதன் வாயில் ஒரு குறித்த நாளில் அடைபட்டால் பின் எவருக்காகவும் திறப்பதில்லை.

வயதை மறைத்து மூத்தோர் ஆடும் குற்றமும் உலகெங்கும் உண்டு. அதனைத் தடுக்கவே உலகக் கால்பந்துச் சம்மேளனம் 2009-ஆம் ஆண்டுமுதல் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டைக் காந்தப் புலத்தாற் படம் பிடித்துப் பார்க்கும் முறையை மேற்கொண்டது. முன்கை எலும்பின் நுனியில் வளர்ச்சிக்கு இடமான குருத்து ஒன்று உண்டு. அது முற்றும் கூடிவிட்டிருந்தால் அவ்வயதைக் கடந்தவர் என்று கொள்வர். பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையே அச்சோதனை தீர்ப்புச் சொல்லுமோ என்பது வேறு. எனினும் கட்டிய மூட்டையோடு வரிசையில் நின்ற ஐயாவின் மணிக்கட்டை எவரேனும் ஒருமுறை பிடித்துப் பார்த்திருக்கலாகாதா என்னும் எண்ணம் எமக்கு அடிக்கடி எழுகின்றது.

பிடித்துப் பார்த்திருந்தால் அவர் இந்திய இளைஞர் அணியிற் சேர்ந்திருப்பார் என்று யாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொன்னால் அவரே மறுப்பார். காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் அமர்ந்தவருக்கு, ஞாயிறு மாலையில் வற்றிய கண்மாயில் எழுவர் எழுவராய் ஆடும் ஆட்டமே கிட்டியது. ஆயினும் அவர் உள்ளத்தில் வேறொரு கணக்கு நடந்து கொண்டிருந்தது. தாம் உண்மையாகவே இருபது வயதை நிரப்பும் 1966-ஆம் ஆண்டுவரை, தம்மை இளைஞருள் ஒருவராகவே அவர் எண்ணி வந்தார். அவ்வாண்டு மணிலாவில் நடந்த போட்டியில் பர்மியர் மீண்டும் இசுரேலியரோடு கோப்பையைப் பெற்றனர் என்ற செய்தியை, ஒரு வாசகசாலையில், நாள் கடந்த ஆங்கிலத் தாளின் ஓரத்தில் அவர் கண்டார். வெற்றிச் செய்தி நான்கு வரி. ஆடியவர் பெயர் சில இருந்தன.

அப்பெயர்களை அவர் எழுதிக் கொண்டு வந்து பலநாள் பார்த்திருந்தார். தம்மோடு தெருவில் ஆடிய பிள்ளைகளுள் எவரேனும் அவர்களில் இருக்கக் கூடுமோ என்பதே அவர் தேடியது. அங்கேதான் ஒரு முட்டு நேர்ந்தது. பர்மியர்க்குக் குடிப்பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தை இட்டு எழுதும் நம் வழக்கமும் இல்லை. ஆங், மாங், தின், வின் என்று சில சொற்களே மாறி மாறி இணைந்து பல்லாயிரவர்க்குப் பெயராகும். "எங்கள் தெருவிலேயே ஒரே பெயரில் மூவர் இருந்தனர்; நெட்டை, குட்டை, வெற்றிலைக் கடை என்று சொல்லித்தான் பிரிப்போம். பத்திரிகைக்காரன் அதை எழுதமாட்டானே" என்று ஐயா கூறுவார். தாளிற் கண்ட பெயர் தம் நண்பனுடையதாகவும் இருக்கலாம். எங்கோ மாண்டலேயிற் பிறந்த மற்றொருவனுடையதாகவும் இருக்கலாம். கடிதம் எழுதினார், மறுமொழி வரவில்லை. அக்காலத்தில் அந்நாடு தன் கதவுகளை அடைத்துக் கொண்டிருந்தது.

1968-இல் சியோல் நகரில் பர்மியர் மலேசியாவை 4-0 என்று வென்றபோதும், 1970-இல் மணிலாவில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்றபோதும் அவர் தாளைத் தேடிப் படித்தார். தம்மை வெளியேற்றிய நாடு வெல்ல வேண்டும் என்று விரும்பினாரா என்று கேட்டோம். "நாடா ஆடியது? பையன்கள் ஆடினார்கள்" என்றார். இவ்விடையில் எமக்கு முழு நிறைவு இல்லை. கொடி ஏற்றுவது நாட்டுக்கே. பாடுவது நாட்டுப் பாடலே. ஆயினும் எம் மறுப்பை அவர் ஒரு தும்மலோடு தள்ளிவிட்டார்.

பர்மியர் பெற்ற ஏழில் அவர்கள் தனித்து வென்றவை அவ்விரண்டே. ஏனைய ஐந்தும் பகிர்ந்தவை: 1961-இல் இந்தோனேசியாவோடு, 1963-இல் பினாங்கில் தென் கொரியாவோடு, 1964-இலும் 1966-இலும் இசுரேலோடு, 1969-இல் தாய்லாந்தோடு. இறுதி ஆட்டம் சமனாய் முடிந்தால் இரு நாட்டையும் வெற்றியாளர் என்று அறிவிப்பது அப்போட்டியின் வழக்கமாயிருந்தது. தண்டனை உதை அடித்து வெற்றியைத் தீர்மானிக்கும் முறை 1970-இலேதான் ஆட்ட விதிகளில் ஏறியது. அதன் பின்னரும் இப்போட்டியிற் பகிர்தல் சில காலம் நீடித்தது. இக்காலத்தார் இதனை விரும்பார். ஒருவன் முழந்தாளிட்டு அழுவதையும் மற்றொருவன் சட்டையைக் கழற்றி ஓடுவதையும் காணாவிட்டால் ஆட்டம் முடிந்ததாக நமக்குத் தோன்றுவதில்லை. ஐயாவோ, பகிர்ந்த கோப்பையைக் குறைபாடாக ஒருபோதும் எண்ணியதில்லை. சின்லோன் ஆடி வளர்ந்தவர்க்கு அப்படித் தோன்றும் போலும் என்று யாம் விட்டுவிட்டோம்.

நம் நாடு அக்கோப்பையைப் பெற்ற ஒரே முறையும் பகிர்ந்ததே. 1974-ஆம் ஆண்டில், பாங்காக்கில் நிகழ்ந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை எதிர்த்தது. ஈரானியர் முந்திய ஆண்டின் வெற்றியாளர். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் கோப்பையைப் பகிர்ந்தவர். அத்தகையோரோடு 2-2 என்று சமன் செய்தது நம் அணி. ஐதராபாத்தைச் சேர்ந்த சபீர் அலி அணித்தலைவர். 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியிற் பொன் பெற்ற அணியில் ஆடிய அருண் கோஷ் பயிற்சியாளர். அதன் பின் ஐம்பது ஆண்டு கடந்தும் அவ்விடத்தை நாம் மீண்டும் அடையவில்லை. 2006-இல் நம் நாட்டிலேயே, கல்கத்தாவிலும் பெங்களூரிலும் அப்போட்டி நடந்தது. வென்றவர் வட கொரியர். 1974-இல் ஆடிய பதினொருவரின் பெயரையும் நம் கல்லூரியில் எவரேனும் சொல்வாரா என்று ஒரு வாரம் கேட்டுப் பார்த்தோம். ஒருவர் சபீர் அலியின் பெயரைச் சொன்னார். அவர் நம் உணவு விடுதியில் பணிபுரியும் முதியவர்.

அவ்வெற்றியின்போது ஐயாவுக்கு உண்மை வயது இருபத்தெட்டு, தாள் வயது முப்பத்தொன்று. எந்தக் கணக்காலும் இளைஞரல்லர். எம் தந்தையார் பிறந்து விட்டார். அச்சகத்தில் அச்செய்தியைக் கேட்டு, உடனிருந்தவர்க்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தார் என்று ஆயா கூறுவார். பர்மா வென்றபோது வாங்கிக் கொடுத்ததில்லையோ என்று கேட்டதற்கு, "அப்போது கையில் ஏது காசு?" என்று ஐயா சொன்னார்.

பர்மியரும் 1970-க்குப் பின் அக்கோப்பையைப் பெறவில்லை. 2014-இல் மியான்மரே போட்டியை நடத்தி, அரையிறுதிவரை சென்று, அதனால் மறு ஆண்டு நியூசிலாந்தில் நடந்த இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடும் உரிமை பெற்றது. யாம் அப்போது ஒன்பது வயதுச் சிறுவர். ஐயாவின் கண்ணில் திரை விழுந்திருந்தமையால் நாளிதழை உரக்கப் படிக்கும் பணி எம்முடையது. அமெரிக்காவோடு ஆடிய முதல் ஆட்டத்தில் முதற் கோலை அடித்தவர் மியான்மர் இளைஞரே. முடிவில் அமெரிக்கர் 2-1 என்று வென்றனர். அடுத்து உக்ரைனிடம் 6-0. அதற்கடுத்து நியூசிலாந்திடம் 5-1. தோல்வியை வாசிக்கும்போது எம் குரல் தாழ்ந்தது. ஐயா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆடிய பதினொருவர் பெயரையும் மெதுவாகப் படிக்கச் சொன்னார். யாம் எழுத்துக் கூட்டிப் படித்தோம். ஒரு பெயரில் கையை உயர்த்தி நிறுத்தி, மீண்டும் படிக்கச் சொன்னார், படித்தோம். இன்னொருமுறை என்றார். பின்னர், "எங்கள் தெருவில் இருந்தவன் பேரனாக இருக்க வயது சரியாகத்தான் வருகிறது" என்றார். சிறிது பொறுத்து, "ஆனால் மூன்று பேர் இருந்தார்களே" என்று சொல்லி, அடுத்த பெயரைப் படிக்குமாறு சைகை காட்டினார்.